ஏழாம் நம்பர் வண்டியின் பேட்டரி

அவர் பேட்டரியைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அதை யாரும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. "பன்னெண்டு புள்ளி ரெண்டு, இன்னைக்கு அனுப்பாதீங்க" என்றால் அந்த வண்டி அன்றைக்கு வாசலைத் தாண்டாது. எதற்கெடுத்தாலும் புள்ளி வைத்தே பேசுவதால் அந்த வாடகை வண்டி யார்டில் அவருக்குப் பெயரே புள்ளி. வண்டி கழுவுகிறவர் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "முதலாளி சும்மா உக்காந்திருப்பாரு. பெரும் புள்ளி அந்தக் கொட்டகையில இருக்காரு, அங்க போய்க் கும்பிடு போடு" என்று கை காட்டிவிடுவார். இது அவர் காதிலும் விழுந்ததுதான். கோபப்பட்டதில்லை. சொன்ன எண் தப்பாகப் போனதில்லை என்ற ஒன்றைத்தான் ஐம்பத்தொன்பது வயதுவரை அவர் பெருமையாக வைத்திருந்தார். அது அவர் கையை விட்டுப் போனது போன ஏப்ரல் இரண்டாம் தேதி, புதன்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு.

இருபத்திரண்டு வயதில் பஸ் டிப்போவின் பேட்டரி அறையில் சேர்ந்தவர். பதினெட்டு வருடம் அங்கே. ஜன்னல் இல்லாத அறை. கதவைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றமும் ஆசிட் நெடியும் ஒன்றாக வந்து மூக்கைப் பிடிக்கும். ஆசிட் தெறித்துத் தெறித்துப் பருத்திச் சட்டையெல்லாம் சல்லடையாகிப் போக, அவர் மனைவிதான் பாலியெஸ்டர் துணியை ஆசிட் அவ்வளவு சீக்கிரம் தின்பதில்லை என்று கண்டுபிடித்தார். அன்று முதல் கோடையிலும் அவருக்குப் பாலியெஸ்டர் சட்டைதான். வேர்வையில் நனைந்துகொண்டே நடப்பார்.

டிப்போ பேட்டரி அறையை மூடியபோது அவருக்கு நாற்பது வயது. தங்கையின் கணவர் அப்போதுதான் மூன்று கேரவன்களை வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். விடுமுறைக்கு ஏரிக்கரையிலோ மலையடிவாரத்திலோ இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வர ஆசைப்படுகிறவர்களுக்கு, படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. கூரைமேல் இரண்டு சோலார் பேனல், இருக்கைக்கு அடியில் இரண்டு பேட்டரி. பகலில் வெயில் நிரப்பும், இரவில் வண்டி செலவழிக்கும். தங்கை கூப்பிட்டாள், வந்தார். பத்தொன்பது வருடத்தில் மூன்று வண்டி இருபத்திரண்டு ஆனது. பேட்டரிக் கொட்டகை மட்டும் அதே கொட்டகை.

அவர் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. திங்கட்கிழமை தோறும் யார்டில் நிற்கிற வண்டிகளின் பேட்டரி மூடிகளைத் திறப்பார். கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் அளவுகோலைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் படிப்பார். அன்றைய சூட்டுக்கு எவ்வளவு கூட்டிக் கழிக்க வேண்டுமோ அதையும் செய்த பிறகுதான் எழுதுவார். டிஸ்டில்ட் வாட்டரைச் சார்ஜ் ஏறிய பிறகே ஊற்றுவார். முன்பே ஊற்றினால் பொங்கி வழிந்து ஆசிட்டும் கூடவே போய்விடும். இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே இரண்டு உதவியாளர்கள் வேலையை விட்டுப் போனார்கள்.

இதெல்லாம் மற்றவர்களும் செய்யக்கூடியது. இருபத்தெட்டாம் நாள்தான் அவருக்கே உரியது. ஈயப் பேட்டரியில் நாளாக ஆகத் தகடுகளில் வெள்ளையாக ஒரு படிவம் ஏறும். கனமான ஆசிட் அடியில் தங்கிவிடும். மாதத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே வோல்டைத் தூக்கி, கொதிக்கிற மாதிரி நுரைக்கவிட்டால் படிவம் உதிரும், ஆசிட் கலங்கிச் சமமாகும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டியில் இதற்கு ஓர் இடம் உண்டு. அவர் இருபத்திரண்டு வண்டியிலும் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, பதினைந்து புள்ளி எட்டு வோல்ட் என்று வைத்திருந்தார். மற்ற யார்டுகளில் இரண்டரை வருடத்தில் செத்துப்போகும் பேட்டரி இங்கே ஐந்தரை வருடம் உழைத்தது. கன்ட்ரோலர் திரையில் இதை வைக்கிற பக்கம் சாதாரணமாகக் கண்ணில் படாது. இரண்டு பொத்தான்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால்தான் திறக்கும். கன்ட்ரோலரோடு வந்த விளக்கப் புத்தகம் கொட்டகையில் ஒரு தகர டப்பாவுக்குள் இருந்தது. அதாவது, அந்த வழி யார்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

போன வருடத் தொடக்கத்தில் தங்கை மகன் படிப்பை முடித்துவிட்டு யார்டுக்கு வந்தான். கெட்டவன் இல்லை. கையில் போனும் வாயில் சிரிப்புமாகத் திரிகிறவன். வந்ததும் ஈயத்தைத் தூக்கிவிட்டு லித்தியம் போட வேண்டும் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. இரண்டு ஈயப் பேட்டரியும் சேர்ந்து ஐம்பத்தெட்டு கிலோ. லித்தியம் பதினோரு கிலோதான். தண்ணீர் வேண்டாம், மூடி திறக்க வேண்டாம். மார்ச் எட்டாம் தேதி எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அதை வண்டி கழுவுகிறவருக்கு விளக்கினான்.

"இனிமே மாமாவுக்குத் தண்ணி ஊத்துற வேலை மிச்சம். இந்த பேட்டரி தனக்கு என்ன வேணும்னு போன்லயே எங்கிட்ட பேசிடும். மாமா மாதிரி குழாயை வச்சு உறிஞ்சிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனரும் சிரித்தார். புள்ளியும் உதட்டை அசைத்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மாலை, அவர் கொட்டகையைப் பூட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்கு மறுநாள் கண் அறுவை சிகிச்சை. நான்கு நாள் விடுப்பு, ஞாயிறும் சேர்த்து ஐந்து. பதினோரு வருடத்தில் முதல் விடுப்பு. தங்கை மகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாளைக்கு ஏழாம் நம்பர் வண்டியில் லித்தியத்தை மாட்டப் போகிறானாம்.

"மாமா, கன்ட்ரோலர்ல ஏதாச்சும் மாத்தணுமா?"

கேட்க வேண்டிய கேள்வி. கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டான். லித்தியத்துக்குள் ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது. வோல்ட் பதினைந்தைத் தொட்டால் அது கதவைச் சாத்திக்கொள்ளும்; உள்ளே வருவதும் நிற்கும், வெளியே போவதும் நிற்கும்; தெரிந்தவர் வந்து திறந்துவிடும்வரை அப்படியே கிடக்கும். இருபத்தெட்டாம் நாளை எடுத்துவிடாமல் லித்தியம் போட்டால் ஒரு நல்ல வெயில் நாளில் வண்டியே இருட்டாகிவிடும். இது முழுவதும் அவர் நாக்கு நுனியில் இருந்தது.

"உன் போனைக் கேளு. அதுதான் பேசுமே" என்றார்.

அவன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டான். சிரித்துக்கொண்டே, அத்தையை விசாரித்ததாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனான். போனைப் பார்த்துச் சார்ஜ் வோல்டைச் சரியாகவே மாற்றினான். மூன்று விநாடி அழுத்தித் திறக்கிற பக்கத்தைப் பற்றி அவன் பார்த்த இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பதினேழாம் தேதி அவர் திரும்பி வந்தபோது ஏழாம் நம்பர் வண்டி ஓரமாக நின்றது. அதற்குக் கடைசியாக நுரைத்த நாள் பிப்ரவரி இருபது. பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள் என்பதால் தேதி மாறாமல் மார்ச் இருபது வரும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அந்தப் பெட்டி நாள்கணக்கை மறக்காது. அவர் வண்டிக்குள் ஏறவில்லை. லித்தியம் வண்டிகள் மாமா பொறுப்பில் இல்லை என்று தங்கை மகனே சொல்லியாகிவிட்டது. முன்பதிவுப் பலகையில் அந்த வண்டிக்கு இருபத்தைந்தாம் தேதிதான் ஆள். அப்படியென்றால் இருபதாம் தேதி நண்பகலில், யார்டு நடுவில், எல்லோர் கண்ணெதிரேயும் அது செத்து நிற்கும். தங்கை மகன் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கொட்டகை வாசலுக்கு வருவான். "என்னப்பா, பேச மாட்டேங்குதா?" என்று கேட்க வேண்டும். அன்று முழுவதும் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது இனித்தது.

பதினெட்டாம் தேதி காலை பன்னிரண்டாம் நம்பர் வண்டியின் கதவுப் பூட்டு உடைந்துபோனது. அதற்காகக் காத்திருந்த தம்பதிக்கு ஏழாம் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். கணவர் தையல்காரர். கழுத்தில் டேப்பைப் போட்டுப் பழகி, அது இல்லாதபோதும் கை அடிக்கடி அங்கே போய்த் தடவும் ஆள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் இருவரும் சேர்ந்து போகிற முதல் பயணம் என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். வண்டியைக் காட்டிக் கொடுப்பது எப்போதும் புள்ளியின் வேலை. பேனலில் நிழல் விழக்கூடாது, மரத்தடியைத் தேடாமல் திறந்த வெயிலில் நிறுத்துங்கள் என்று வழக்கம்போல் சொன்னார். ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் போட்டு அணைத்துக் காட்டினார். அந்த அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து, பாலுக்கும் முட்டைக்கும் முன்னால் ஒரு சின்ன நீலப் பெட்டியை வைத்தார். அது என்னவென்று அவர் கேட்கவில்லை. கன்ட்ரோலர் அவர் முழங்கையிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. மூன்று விநாடி. நடுவழியில் நின்றால் போன் வரும், தங்கை மகன் அறுபது கிலோமீட்டர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அசடு வழியட்டும், அதுவும் நல்லதுதான் என்று நினைத்தபடி இறங்கிவிட்டார். வண்டி ஒன்பது நாற்பதுக்குப் புறப்பட்டது.

போன் வரவில்லை. இருபதாம் தேதி வெயில் நன்றாகவே அடித்தது. பன்னிரண்டு பத்துக்குப் பேட்டரி கதவைச் சாத்திக்கொண்டது. தம்பதி ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு மாலையில் வந்தபோது வண்டிக்குள் விளக்கு இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, போனுக்குச் சார்ஜும் இல்லை. பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, இவ்வளவு வெயிலில் பேட்டரி காலியாகிறது என்றால் நீங்கள் எதையோ அணைக்காமல் விட்டிருப்பீர்கள் என்றார். தேடினார்கள். வெளிப்புற விளக்கின் ஸ்விட்ச் போட்டபடி இருந்தது. முந்தின இரவு அதைப் போட்டவர் தையல்காரர். திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் இரண்டு நாள் தாங்கும் என்று அவர் நினைத்தார். வண்டி, சொன்னபடியே, திறந்த வெயிலில் நின்றது. நீலப் பெட்டிக்குள் இருந்தது அந்த அம்மாவின் இன்சுலின். அந்தச் சூட்டில் அது வெறும் தண்ணீராகிவிட்டது. அதையே அவர் வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டாம் தேதி திரும்பி வரும் வழியில் நினைவு தப்பியது. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். பிழைத்தார். வலது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. அது திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

இருபத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, மைத்துனர் அவரை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். தங்கை மகன் மூலையில் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. வண்டி யார்டுக்குத் திரும்பியதும் அந்த பேட்டரி உண்மையிலேயே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது: இருபதாம் தேதி, பன்னிரண்டு பத்து, பதினைந்து புள்ளி எட்டு.

"மாமா, இது நீங்க வச்ச செட்டிங்" என்றான் தாழ்ந்த குரலில். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. "நான் எடுத்திருக்கணும். எனக்குத் தெரியல." கொட்டகை வாசலில் தான் கேட்டதும் அவர் சொன்னதும் அவனுக்கு நினைவிருந்ததா என்று புள்ளி அவன் முகத்தையே பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

மைத்துனர் ஒரு தாளை நகர்த்தினார். புறப்படும்போது பேட்டரியும் கன்ட்ரோலரும் சோதிக்கப்பட்டுச் சரியாக இருந்தன, வாடிக்கையாளர் வெளிவிளக்கை அணைக்காததால் பேட்டரி தீர்ந்தது என்று அதில் அச்சடித்திருந்தது. யார்டின் பெயர் கெட்டுப்போனால் இருபத்திரண்டு வண்டியும் துருப்பிடித்து நிற்கும் என்றார்.

"மச்சான், நான் போடுற கையெழுத்துக்கும் இவன் போடுறதுக்கும் மரியாதை கிடையாது. உங்க கையெழுத்துன்னா எதிர்க் கேள்வி வராது. இந்தப் பத்தொன்பது வருஷத்துல நான் உங்ககிட்ட எதையாச்சும் கேட்டிருக்கேனா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று புள்ளி எழுந்து வந்துவிட்டார். மறுநாள் தங்கை வீட்டுக்கு வந்தாள். கட்டுப் பிரித்த கண்ணுடன் இருந்த அண்ணியைப் பார்த்துவிட்டுப் போக வந்ததாகத்தான் பேச்சு. போகும்போது வாசல்படியில் நின்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் செய்த தப்பு அண்ணனுக்குத் தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மனசு யாருக்கும் வராதுண்ணா. அவன் சின்னப் பையன். அவன் தலையில விழாம பாத்துக்கங்க."

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. வீட்டுக்குள் வந்ததும் மனைவி, "உங்களுக்கு என்ன, ஊரே மெச்சுது. எங்கிட்ட மட்டும்தான் ரெண்டு நாளா உம்முன்னு இருக்கீங்க" என்றார். உன் கண் சரியாகட்டும், பேசிக்கொள்ளலாம் என்று சமாளித்தார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையும் அந்தப் பதிலையும் எத்தனையோ விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் அது தன் மூக்கு உடைபட்டதற்காக ஒரு சின்னப் பையனைப் பழிவாங்கிய கதையாகவே வந்தது.

ஏப்ரல் இரண்டாம் தேதி வரை கையெழுத்துப் போடவில்லை. அன்று பதினொரு மணிக்குத் தையல்காரர் வந்தார். ஆபீஸுக்குப் போகாமல் நேரே கொட்டகைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது புள்ளிக்கு. அவர் சண்டைக்கு வரவில்லை. உட்காரச் சொன்னதற்கும் வேண்டாம் என்றுவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். மருத்துவமனையிலிருந்து வந்த நாளாக மனைவி அவரோடு பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறார், துணி மடிக்கிறார், பேச்சு மட்டும் இல்லை. அவர் போட்ட விளக்கால்தான் தன் கண் போனது என்று அந்த அம்மா நம்புகிறார். அந்த ஒரு விளக்கு அவ்வளவு இழுக்குமா என்று தனக்குச் சந்தேகம் என்றார். தான் சொன்னால் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பதாக நினைப்பார்.

"நீங்க சொன்னா நம்புவா. அன்னைக்கு எல்லாத்தையும் அவ்வளவு பொறுமையா காட்டினீங்க, ஒவ்வொண்ணையும் அளந்து சொன்னீங்கன்னு போற வழியிலேயே அவ சொன்னா. வெளியே கார்லதான் இருக்கா. ரெண்டு வார்த்தை."

புள்ளி கையைத் துடைத்துக்கொண்டு கூடவே போனார். கொட்டகையிலிருந்து வாசலுக்கு நாற்பது அடி. வெளிவிளக்கு எவ்வளவு இழுக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூஜ்யம் புள்ளி மூன்று ஆம்ப். பத்து மணி நேரம் எரிந்தால் மூன்று. பேட்டரி நூறு. நூறில் மூன்று, மறுநாள் வெயில் கால் மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். இதைச் சொன்னால் போதும். சொன்னால், பிறகு எதனால் என்று அந்த அம்மா கேட்பார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஆபீஸ் ஜன்னலில் தங்கை மகன் நின்றுகொண்டிருந்தான், அவனுக்குப் பின்னால் தங்கை, எல்லோருக்கும் பின்னால் அவரே.

கார்க் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அந்த அம்மா முகத்தை முழுவதும் திருப்பித்தான் அவரைப் பார்க்க முடிந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து நிதானமாகக் கேட்டார்.

"ஐயா, அந்த லைட்டு ராத்திரி பூரா எரிஞ்சா எவ்வளவு போகும்?"

"பாதிக்கு மேல போயிடும்மா" என்றார் புள்ளி.

 தையல்காரர், "ஒரு லைட்டுக்கா?" என்றார்.

"பழைய லைட்டு. அதிகமா இழுக்கும். ஐம்பத்தஞ்சு, அறுபதுகூட போகும்." வாய் திறந்துவிட்டால் எண்கள் எவ்வளவு சுலபமாக வருகின்றன என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஐம்பத்தைந்தைச் சொன்னபோது குரல்கூட மாறவில்லை.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் அந்த அம்மா கணவரைப் பார்த்து. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிறகு கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

 தையல்காரர் தலை மெல்ல ஆடியது, சரியாகத்தான் தைத்தோம் என்று நினைத்த துணியைப் பிரித்துப் பார்த்துத் தன் தப்பைக் கண்டுபிடித்தவரைப் போல. பிறகு புள்ளியின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"நல்லதுங்க. எதனாலன்னு தெரியாமதான் கிடந்து தவிச்சேன். இப்ப தெரிஞ்சுபோச்சு. வேற யாராயிருந்தாலும் என் மனசு நோகக்கூடாதுன்னு மழுப்பியிருப்பாங்க."

கார் திருப்பத்தைத் தாண்டும்வரை புள்ளி வாசலில் நின்றார். உள்ளே வந்து ஆபீஸ் அறைக்குப் போனார். மைத்துனர் தாளை எடுத்து வைத்தார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் புள்ளி கேட்டார். தங்கை மகன் விரல் வைத்துக் காட்டினான்.